எடையைச் சொல்வதற்கு முன் எழுதிவிட வேண்டும்

இலங்கையின் மலையகத்தில், பறித்த தேயிலைக் கொழுந்தைக் கொண்டுவந்து சேர்க்கும் கொழுந்து மடுவம் ஒன்றில் எடை நிறுக்கும் நேரத்தைப் பார்த்தவர்களுக்கு அங்குள்ள அவசரம் தெரியும். காலை, பகல், மாலை என்று ஒரு நாளில் மூன்று தடவை மலையிலிருந்து கொழுந்து இறங்குகிறது. பெண்கள் வரிசையாக வந்து தராசின் கொக்கியில் சாக்கை மாட்டுகிறார்கள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து, சாக்குக்கும் ஈரத்துக்கும் உரிய கழிவைக் கழித்து, எஞ்சியதைப் பெயருக்கு நேரே எழுதிவிட்டு உரக்கச் சொல்கிறார். வெளியே லொறி காத்து நிற்கிறது. அந்த ஒரு எண்ணில்தான் அன்றைக்கு முழுப் பேரா அரைப் பேரா, அதாவது முழு நாள் சம்பளமா அரை நாள் சம்பளமா என்பதும், கூடுதல் கிலோவுக்கான காசும் தங்கியிருக்கின்றன.

ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் இந்த எடையைத் தானாகப் பதிவு செய்யும் சிறு கருவி ஒன்றை நான் செய்து கொடுத்தேன். ஒரு மின்தராசு, ராஸ்பெரி பை என்ற சிறிய கணினி ஒன்று, துண்டுச் சீட்டு அடிக்கும் சிறிய பிரின்டர் ஆகிய மூன்றும்தான் அதன் உறுப்புகள். தரவுகளைச் சேமிக்க எஸ்கியூலைட்டைத் தேர்ந்தெடுத்தேன். அது தனியாக ஓடும் ஒரு சேவையகம் அன்று. நம் நிரலுக்குள்ளேயே ஒரு நூலகமாக உட்கார்ந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதிவைக்கும் உட்பொதி தரவுத்தளம். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் அதை உருவாக்கியதற்கான காரணமே எனக்கு மிகவும் பிடித்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்காக அவர் எழுதிய மென்பொருள், தரவுத்தளச் சேவையகம் எழும்பாத வேளைகளில் வேலை செய்ய முடியாமல் நின்றது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்திலும் தரவுத்தளம் இயங்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் பிறந்தது. கொழுந்து மடுவத்திலும் சேவையகத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை.

முதல் வடிவத்தில் நான் செய்த பிழையை முழுமையாகச் சொல்ல வேண்டும். தராசு விநாடிக்குப் பத்துத் தடவை தன் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். சாக்கு ஆடி அடங்கும்போது அந்த எண்கள் எப்படி மாறுகின்றன என்பதை வைத்திருந்தால், பின்னாளில் யாராவது எடை குறித்துக் கேள்வி கேட்டால் காட்டலாம் என்று எண்ணி, பத்து அளவுகளையும் பத்துத் தனித்தனிப் பரிவர்த்தனைகளாக (முழுதாக நிற்கும், அல்லது முழுதாக விடுபடும் எழுத்துத் தொகுப்புக்குப் பரிவர்த்தனை என்று பெயர்), எடை பதிவாகும் அதே தரவுத்தளத்தில் எழுதினேன். கணினியில் இருந்ததோ ஒரு சாதாரண எஸ்டி கார்ட். வீட்டு மேசையில் ஒருவராக இருந்து சோதித்தபோது எல்லாம் ஒழுங்காக நடந்தது. மடுவத்தில் திரை உறைந்தது. ஒரு சாக்கை இறக்கி அடுத்ததை மாட்டிய பிறகும் முந்தியவரின் எண்ணே நின்றது. கணக்கப்பிள்ளை மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இந்த மெஷின் நிக்கிற நேரத்துக்கு நான் கையால ரெண்டு பேருக்கு எழுதிருவேன்” என்றார்.

அன்றிரவே நான் இரண்டு அமைப்புகளை மாற்றினேன். எழுதியது சேமிப்பில் இறங்கும் வரை காத்திருக்கச் செய்யும் சிங்க்ரனஸ் என்ற அமைப்பை ஆஃப் நிலைக்குக் கொண்டுபோனேன். எழுத்து பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரோல்பேக் ஜர்னலை நினைவகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளும்படி செய்தேன். கருவி பறந்தது. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஆறு வாரம் எந்தக் குறையும் வரவில்லை.

ஐப்பசி மாதத்தில் பிற்பகல் இடி எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அன்று பகல் எடை முடியும் தறுவாயில் மின்சாரம் போய், உடனே வந்து, மறுபடியும் போயிற்று. கருவி மீண்டும் எழும்பியபோது, தரவுத்தளக் கோப்பு சிதைந்துவிட்டது என்று பொருள்படும் ஒரே ஒரு வரிதான் திரையில் இருந்தது. பகல் எடை மட்டுமன்றி, அதற்கு முன்பிருந்த பதிவுகளிலும் சில பக்கங்கள் படிக்க முடியாதவையாகிவிட்டன. முந்திய நாள்களுக்கு நகல் இருந்தது. அன்றைய நாளுக்கு எதுவும் இல்லை.

நல்லவேளையாக ஒவ்வொருவருக்கும் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தோம். மாலையில் நானும் கணக்கப்பிள்ளையும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் போய், வாசல் வாசலாக நின்று சீட்டுகளைக் கேட்டோம். முந்தானை முடிச்சிலிருந்தும், வெற்றிலைப் பையிலிருந்தும், சாமிப் படத்தின் பின்னாலிருந்தும் சீட்டுகள் வந்தன. சிலவற்றில் எழுத்து மங்கியிருந்தது; டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படித்தோம். ஐந்து பேருடைய சீட்டு கிடைக்கவில்லை. அவர்களுக்கு முந்திய நாளின் பகல் எடையையே போடுவது என்று முடிவாயிற்று. அந்த ஐவரில் ஒரு அக்கா என்னிடம், “நேத்துப் பகல்ல புள்ளைக்குக் காச்ச தம்பி, பாதியில எறங்கிட்டேன். இன்னைக்குத்தான் நல்லா எடுத்தேன்” என்றார். அவர் கோபப்படவில்லை. அவருடைய அன்றைய எடை எவ்வளவு என்பது அவருக்கும் எனக்கும் இனித் தெரியப்போவதில்லை.

அதன் பிறகுதான் நான் ஆற அமர உட்கார்ந்து, வட்டில் ஓர் எழுத்து உண்மையில் எப்போது எழுதப்படுகிறது என்பதைப் படித்தேன்.

நம் நிரல் “எழுது” என்று சொன்னதும் தரவு சேமிப்புக்குப் போய்விடுவதில்லை. இயங்குதளம் அதை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று பதில் சொல்லிவிடுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், அப்படி வைத்துக்கொண்ட பக்கம் ஏறத்தாழ 30 விநாடி வரைக்கும் நினைவகத்திலேயே கிடக்கலாம். நம் நிரல் மட்டும் செத்துப்போனால் கவலையில்லை. இயங்குதளம் உயிரோடு இருப்பதால் அந்தப் பக்கத்தை எழுதிவிடும். மின்சாரம் போனால் நினைவகத்தில் கிடந்தது முழுவதும் போய்விடும். அது மட்டுமன்று, பக்கங்களை எந்த வரிசையில் எழுதுவது என்பதையும் இயங்குதளமே தீர்மானிப்பதால், பின்னர் எழுத வேண்டியது முன்னரே எழுதப்பட்டு, முன்னர் எழுத வேண்டியது எழுதப்படாமலே இருந்துவிடலாம். என் கோப்பு சிதைந்தது இப்படித்தான். இதைத் தடுக்கும் கட்டளைதான் எஃப்சிங்க். இந்தக் கோப்புக்குரிய அனைத்தும் சேமிப்பில் இறங்கும் வரை திரும்பி வராதே என்று அது இயங்குதளத்திடம் சொல்கிறது. சிங்க்ரனஸ் ஆஃப் என்றால், எஸ்கியூலைட் அந்தக் கட்டளையைக் கொடுப்பதே இல்லை என்று பொருள். நான் வாங்கிய வேகத்துக்கு விலையாகக் கொடுத்தது அதைத்தான்.

எஃப்சிங்க் ஏன் இவ்வளவு மெதுவானது என்பதற்கு எஸ்கியூலைட்டின் ஆவணத்திலேயே தெளிவான விளக்கம் இருக்கிறது. சாதாரணக் கணினியில் விநாடிக்கு 50,000 வரிசைகளுக்கு மேல் சேர்க்க முடியும்; ஆனால் பரிவர்த்தனை என்று பார்த்தால் விநாடிக்குச் சில பத்துகளே முடியும். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வட்டில் ஒரு பரிவர்த்தனைக்கு வட்டு இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டியிருப்பதால், விநாடிக்கு ஏறத்தாழ 60 பரிவர்த்தனைகளோடு அது நின்றுவிடுகிறது. எஸ்டி கார்டில் சுழலும் பாகம் இல்லை என்றாலும், சிறிய எழுத்துகளைக் கட்டாயப்படுத்தி இறக்கும்போது அதுவும் திணறுகிறது. ஆகவே செலவு தரவின் அளவில் இல்லை. எத்தனை தடவை “இறங்கிவிட்டதா” என்று கேட்டுக் காத்திருக்கிறோம் என்பதில்தான் செலவு இருக்கிறது. ஆயிரம் வரிசைகளை ஒரே பரிவர்த்தனையில் கட்டி எழுதினால், ஆயிரம் காத்திருப்புகள் சிலவாகக் குறைந்துவிடும்.

எஸ்கியூலைட்டின் இரு பதிவு முறைகளை எனக்குப் புரியவைத்தது, உண்மையில், கணக்கப்பிள்ளையின் பழைய வேலைமுறைதான். அவரிடம் இரண்டு புத்தகங்கள் உண்டு. மடுவத்தில் கையோடு வைத்திருப்பது ஒரு சிறு கைப்புத்தகம். ஆபீஸில் இருப்பது செக்ரோல் என்ற பெரிய சம்பளக் கணக்குப் பேரேடு. பகலில் எதையும் அவர் செக்ரோலில் எழுதுவதில்லை. வந்ததை வந்த வரிசையில் கைப்புத்தகத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டே போவார். மாலையில் ஆபீஸுக்குப் போய், ஒவ்வொருவரின் கணக்கையும் உரிய பக்கத்தைத் தேடி செக்ரோலில் ஏற்றுவார்.

2010ஆம் ஆண்டில் 3.7.0 பதிப்போடு எஸ்கியூலைட்டுக்கு வந்த வால் முறை இதுவேதான். ரைட் அஹெட் லாக் என்பதன் சுருக்கம் அது. புதிய எழுத்துகள் கோப்பின் கடைசியில் சேர்ந்துகொண்டே போவதால், தமிழில் அந்தப் பெயர் இயல்பாகவே பொருந்திவிடுகிறது. மாற்றங்கள் முதலில் வால் கோப்பில் வரிசையாகச் சேர்கின்றன. அது வழக்கமாக 1000 பக்கங்களை எட்டும்போது, அவற்றை மூலக் கோப்பில் உரிய இடங்களில் ஏற்றுகிறார்கள். அதற்குச் செக்பாயின்ட் என்று பெயர். வாலில் சேரும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சரிபார்ப்பு எண் உண்டு. மின்சாரம் போய் அரைகுறையாக எழுதப்பட்ட பகுதி, மறுபடி திறக்கும்போது அந்த எண் பொருந்தாததால் ஒதுக்கப்படுகிறது. அதற்கு முந்தியவை அப்படியே நிற்கின்றன.

பழைய ரோல்பேக் ஜர்னல் முறையில், செக்ரோலின் ஒரு பக்கத்தைத் திருத்துவதற்கு முன், அந்தப் பக்கம் இருந்தபடியே வேறொரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள். திருத்தி முடிந்தபின் அந்தத் தாளை அழிப்பார்கள். இடையில் விளக்கு அணைந்துவிட்டால், தாளைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திரும்பலாம். தாளையும் பாதுகாப்பாக இறக்க வேண்டும், செக்ரோலையும் இறக்க வேண்டும் என்பதால் ஒரு பரிவர்த்தனைக்கு எஃப்சிங்க் பல தடவை தேவைப்படுகிறது. நான் ஜர்னலை நினைவகத்தில் வைத்தது, அந்தத் தாளை எழுதாமல் மனத்தில் வைத்துக்கொள்வதற்குச் சமம்.

வால் முறையில் எஃப்சிங்கை எப்போது கொடுப்பது என்பது நம் தெரிவு. சிங்க்ரனஸ் நார்மல் நிலையில் செக்பாயின்ட் நேரத்தில் மட்டும் கொடுக்கப்படும். கோப்பு சிதையாது, ஆனால் கடைசியாக எழுதிய சில பரிவர்த்தனைகள் மின்சாரத்தோடு போய்விடலாம். ஃபுல் நிலையில் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது ஒரு பரிவர்த்தனையை முடித்து உறுதிசெய்யும் ஒவ்வொரு தடவையும், வால் கோப்பு சேமிப்பில் இறக்கப்படும். கமிட் ஆயிற்று என்று பதில் வந்தால் அது நின்றுவிட்டது என்று பொருள். பல கட்டுரைகளில் வால் முறையும் நார்மலும் சேர்ந்ததே எல்லாருக்கும் போதுமான நடுவழி என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்க்கிறேன். உலாவியின் வரலாற்றுக்கும், கைப்பேசியில் ஒரு செயலியின் இடைச்சேமிப்புக்கும் அது போதும். எங்கள் மடுவத்துக்குப் போதாது. நூறு பேரை இருபது நிமிடத்தில் நிறுத்தால் ஒருவருக்குப் பன்னிரண்டு விநாடி. இயங்குதளம் 30 விநாடி தரவை நினைவகத்தில் வைத்திருந்தால், ஒரு மின்னலுக்கு இரண்டு மூன்று பேருடைய கொழுந்து போகும். அந்த இரண்டு மூன்று பேருக்கு அது “கடைசிச் சில பரிவர்த்தனைகள்” அன்று. அன்றைய பகலின் உழைப்பு முழுவதும் அதுதான்.

அதே கணக்கை மறுபுறம் திருப்பிப் பார்த்தபோதுதான் என் முதல் பிழையின் வேர் தெரிந்தது. பன்னிரண்டு விநாடிக்கு ஓர் எடை. எவ்வளவு மந்தமான எஸ்டி கார்டும், பன்னிரண்டு விநாடியில் ஒரே ஒரு எஃப்சிங்கைச் செய்து முடித்துவிடும். எடையைப் பதிவு செய்வதில் எனக்கு வேகப் பிரச்சினை ஒருபோதும் இருந்ததில்லை. தராசின் விநாடிக்குப் பத்து அளவுகள்தான் வரிசையை அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றைக் காப்பாற்ற யாரும் கேட்கவில்லை. காப்பாற்ற வேண்டியதையும் போனாலும் பரவாயில்லாததையும் ஒரே கோப்பில் போட்டு, இரண்டுக்கும் ஒரே விதியை வைத்து, பின்னர் அந்த விதியைத் தளர்த்தியபோது எடையும் சேர்ந்து தளர்ந்துவிட்டது.

இப்போது இரண்டு கோப்புகள் இருக்கின்றன. எடைக் கோப்பு வால் முறையில், சிங்க்ரனஸ் ஃபுல் நிலையில் இயங்குகிறது. ஓர் எடைக்கு ஒரு பரிவர்த்தனை. தராசின் மூல அளவுகள் இன்னொரு கோப்பில், நார்மல் நிலையில், ஐந்து விநாடிக்கு ஒரு தடவை ஐம்பதாகக் கட்டி எழுதப்படுகின்றன. மின்சாரம் போனால் அவற்றில் கொஞ்சம் போகும், போகட்டும். இரண்டையும் ஒரே இணைப்பில் சேர்த்துத் திறந்து, ஒரே பரிவர்த்தனையில் இரண்டிலும் எழுதலாமே என்று சிலர் கேட்டார்கள். வால் முறையில் அப்படி எழுதும் பரிவர்த்தனை ஒவ்வொரு கோப்புக்குள்ளும் முழுமையாக இருக்குமேயொழிய, நடுவில் மின்சாரம் போனால் ஒரு கோப்பில் நின்று மற்றதில் நிற்காமல் போகக்கூடும். அதனால் ஒன்றின் இருப்பை மற்றதன்மேல் சாராதபடி தனித்தனியாகவே வைத்திருக்கிறேன்.

இன்னொரு மாற்றம் நிரலில் இரண்டே வரிகள்தான். ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமானதாக அதையே கருதுகிறேன். முன்பு தராசு நிலைத்ததும் திரையில் எண்ணைக் காட்டி, சீட்டை அடித்து, அதன் பின்னர் தரவுத்தளத்தில் எழுதினேன். இப்போது முதலில் கமிட். கமிட் வெற்றி என்று பதில் வந்த பிறகே திரையும் சீட்டும். கணக்கப்பிள்ளை நாற்பது ஆண்டுகளாகச் செய்துவந்ததும் இதைத்தான் என்று பின்னர் கவனித்தேன். அவருடைய பேனா தாளை விட்டு எழும்பிய பிறகுதான் வாய் திறக்கும். ஒருவருக்கு “பதினேழு” என்று சொல்லிவிட்டால் அது வாக்கு; அந்த வாக்கைக் கொடுக்கும் கணத்துக்கு முன் எழுத்து நின்றிருக்க வேண்டும். வேகத்துக்காக எதையெல்லாம் தள்ளிப்போடலாம் என்ற கேள்வியை இந்த ஓர் இடத்திலிருந்து பார்த்தால் மிகத் தெளிவாக விடை கிடைக்கிறது: வாக்குக் கொடுக்காத எதையும் தள்ளிப்போடலாம்.

நடைமுறையில் நான் இடறிய இரண்டு இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வால் முறை என்ற அமைப்பு கோப்பிலேயே பதிந்துவிடும். ஒரு தடவை வைத்தால் போதும். சிங்க்ரனஸ் அப்படியன்று. அது ஒவ்வொரு இணைப்புக்கும் உரியது. கோப்பை மறுபடி திறந்தால் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும். அந்த இயல்புநிலையும், நூலகத்தை எப்படித் தொகுத்தார்கள் என்பதைப் பொறுத்து மாறக்கூடும். ஆகவே என் நிரல் எழும்பும்போது அதை ஃபுல் என்று வைத்துவிட்டு, உடனே அதன் மதிப்பைத் திருப்பிக் கேட்கிறது. ஃபுல்லைக் குறிக்கும் 2 என்று பதில் வராவிட்டால் எடை எடுக்க மறுத்துவிடுகிறது. மற்றது நகல் எடுக்கும் விவகாரம். வால் முறையில் அண்மைய பதிவுகள் மூலக் கோப்பில் இல்லாமல் வால் கோப்பில் மட்டும் இருக்கலாம். மூலக் கோப்பை மட்டும் பென்டிரைவில் பிரதி எடுத்தால், மாலைக்கு முன் செக்ரோலை மட்டும் எடுத்துக்கொண்டு கைப்புத்தகத்தை மடுவத்தில் விட்டுவந்த கதையாகும். எஸ்கியூலைட்டின் சொந்த பேக்கப் வழியாகவோ, வேக்கூம் இன்டூ கட்டளையாலோ எடுத்தால், எல்லாம் சேர்ந்த ஒரே கோப்பு கிடைக்கும்.

இத்தனையும் செய்த பிறகும், எஃப்சிங்க் சொல்வதைச் சேமிப்பு அட்டை கேட்கிறதா என்ற கேள்வி மிஞ்சுகிறது. எஸ்டி கார்டுக்குள்ளே தனியாக ஒரு கட்டுப்படுத்தி இருக்கிறது. அது பெரிய பெரிய தொகுதிகளாகவே அழித்து எழுதுவதால், நாம் தொடாத பழைய தரவையும் இடம் மாற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் பழையதும் பாதிக்கப்படலாம். இறங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டதாகச் சொல்லும் அட்டைகளும் உண்டு. அட்டை உண்மை சொல்லாவிட்டால், அதன் மேலுள்ள எந்தத் தரவுத்தளமும் வாக்கைக் காப்பாற்ற முடியாது.

அதனால் ஒரு சோதனையை வீட்டில் அமைத்தேன். கருவி 1, 2, 3 என்று எண்களை ஒவ்வொரு பரிவர்த்தனையாக எழுதும்; ஒவ்வொரு கமிட்டுக்குப் பிறகும், அந்த எண்ணை வலைப்பின்னல் வழியாக என் மடிக்கணினிக்கு அனுப்பும். நான் நினைத்த நேரத்தில் வயரைப் பிடுங்குவேன். மறுபடி எழும்பியதும், மடிக்கணினிக்கு வந்த கடைசி எண் தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். ஒரு எண் கூடுதலாக இருந்தால் குற்றமில்லை. ஒன்று குறைந்தாலும் குற்றம். ஒரு மழைக்காலம் முழுவதும் மாலைகளில் இதையே செய்தேன். கையிலிருந்த அட்டைகளில் ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விட வேகமானது, பல தடவை தேறிவிட்டு ஒரு நாள் நான்கு எண்களை இழந்தது. கமிட் ஆயிற்று என்று சொல்லப்பட்ட நான்கு எண்கள். அதை ஒதுக்கிவிட்டு, மெதுவானாலும் ஒரு தடவையும் இழக்காத அட்டையை மடுவத்துக்குக் கொண்டுபோனேன்.

மின்கலமும் வைத்திருக்கிறோம். மேல் கொத்மலை, லக்சபான நீர்மின் நிலையங்கள் இதே மலைகளுக்குள் இருந்தாலும், காற்றுக்கு ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் எங்கள் பக்கம் இருண்டுவிடும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தது என்றாலும், அறிவித்துவிட்டு வரும் வெட்டு தரவுத்தளத்துக்கு ஆபத்தில்லை. முன்கூட்டியே ஒழுங்காக அணைத்துவிடலாம். அரை விநாடி போய் வரும் மின்சாரம்தான் கெடுதல் செய்கிறது. மின்கலம் அந்த அரை விநாடியைத் தாங்குகிறது. அது இருக்கிறதே என்று ஃபுல்லை நார்மலாக்கும் எண்ணம் எனக்கு வரவில்லை. மின்கலம் பழையதாகும், வயரை எலி கடிக்கும், யாராவது போனை சார்ஜ் செய்வதற்காகக் கழற்றுவார்கள்.

கணக்கப்பிள்ளை தன் கைப்புத்தகத்தை விட்டுவிடவில்லை. விட வேண்டாம் என்று நானும் கேட்டுக்கொண்டேன். ஒவ்வொரு எடைக்கும் வரிசையில் முதல் பத்துப் பேரையும் கடைசிப் பத்துப் பேரையும் அவர் இப்போதும் கையால் எழுதுகிறார். மாலையில் ஆபீஸில் அவர் பெயரை வாசிக்க, எழுதுவினைஞர் திரையிலுள்ள எண்ணைச் சொல்கிறார். இடி இடித்த நாள்களில் கடைசிப் பத்துப் பேரையும் இரண்டு தடவை வாசிக்கிறார்கள்.